சரிப்பட்டு வராது, முதலாளி

ஒழுங்கு ஐங்கோணத்தின் ஒவ்வொரு உள்கோணமும் 108 பாகை. மூன்று ஐங்கோணங்களின் முனைகளை ஒரே புள்ளியில் சேர்த்து வைத்தால் 324 பாகை ஆகும். முழு வட்டத்துக்கு இன்னும் 36 பாகை குறையும். நாலாவதை நுழைக்க இடம் போதாது. அறுகோணத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. பக்கத்தோடு பக்கம் ஒட்டி இடைவெளி இல்லாமல் உட்கார்ந்துவிடும். பள்ளிக்கூடத்துக் கணக்கு என்று இதை விட்டுவிடலாம்தான். ஆனால் பாகிஸ்தானின் சியால்கோட் நகரில் அந்த 36 பாகைக்கு ரூபாய்க் கணக்கு உண்டு.

சியால்கோட் கால்பந்து செய்யும் ஊர். கையால் தைத்த கால்பந்துகளில் பெரும்பங்கு அங்கிருந்துதான் உலகத்துக்குப் போகிறது. நமக்கெல்லாம் பழக்கமான கருப்பு வெள்ளைப் பந்தில் 20 அறுகோணங்கள், 12 ஐங்கோணங்கள், ஆக 32 துண்டுகள். ரெக்சின் ஷீட்டின் பின்பக்கம் துணியை ரப்பர் பாலால் அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைப்பார்கள். பிறகு ஷீட்டை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் விரித்து, எஃகுப் பட்டையை வளைத்துச் செய்த டையை அதன்மேல் வைத்து, அழுத்தி, எடுத்து, நகர்த்தி, மறுபடி அழுத்துவார்கள். ஒரு அழுத்துக்கு இரண்டு துண்டு. கைதேர்ந்த வெட்டுநருக்கு டையை எங்கே வைப்பது என்று கண் பார்க்கவேண்டியதில்லை, கையே போய்விடும். இந்த முறையில் ஒரு ஷீட்டில் சுமார் 250 ஐங்கோணங்கள் கிடைக்கும். மிச்சம் துணுக்குகளாகக் குப்பைக்குப் போகும்.

இந்தக் குப்பையைக் குறைக்க முடியுமா என்று ஒரு பொருளாதார ஆய்வுக் குழு பார்த்தது. டேவிட் அட்கின், அசாம் சௌத்ரி, ஷம்யலா சௌத்ரி, அமித் கண்டேல்வால், எரிக் வெர்ஹூகன் ஆகிய ஐவர். வெர்ஹூகனின் மனைவி அன்னலிசா குஸ்ஸினி கட்டடக் கலைஞர். ஐங்கோணங்களைத் தலைகீழாகவும் நேராகவும் மாற்றி மாற்றிச் சரிவாக அடுக்கும் ஒரு வரைபடத்தை உருவாக்கியதில் அவருக்குப் பங்கு உண்டு. ஏறக்குறைய அதே அடுக்குமுறையை 1990லேயே கணித ஆய்விதழ் ஒன்றில் இரண்டு கணிதவியலாளர்கள் விவரித்திருந்தார்கள். இதைவிட நெருக்கமாக ஐங்கோணங்களை அடுக்கவே முடியாது, தளத்தில் அதிகபட்சம் 92 சதவீதத்தைத்தான் மூடலாம் என்று தாமஸ் ஹேல்ஸும் ராபர்ட் குஸ்னரும் 2016ல் நிரூபணம் வெளியிட்டார்கள். கெப்ளரின் உருண்டை அடுக்குச் சிக்கலைத் தீர்த்தவரும் இதே ஹேல்ஸ்தான். ஆக, சியால்கோட் வெட்டுநர் கைக்கு வந்தது சாதாரண யோசனையல்ல. கணிதம் அனுமதிக்கும் எல்லைவரை போன ஒன்று.

நான்கு ஐங்கோணங்களை ஒரே அழுத்தில் வெட்டும் புது டை தயாரானது. அதே ஷீட்டில் 250க்குப் பதில் 272. டையின் விலை சுமார் 300 டாலர். மொத்தச் செலவில் மிச்சமாவது ஒரு சதவீதம்தான் என்றாலும், நூற்றுக்கு எட்டு ரூபாய் லாபம் நிற்கும் தொழிலில் செலவில் ஒரு ரூபாய் குறைவது சின்ன விஷயமல்ல. பெரும்பாலான நிறுவனங்களுக்கு டைக்குப் போட்ட பணம் சில மாதங்களுக்குள் திரும்பிவிடும். அதுகூட வேண்டாம் என்று, 2012 மே மாதம் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த 35 நிறுவனங்களுக்கு டையை இலவசமாகக் கொடுத்து, வெட்டும் முறையையும் செய்து காட்டினார்கள்.

பதினைந்து மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோது அந்த 35ல் ஐந்து நிறுவனங்கள் மட்டும் புது டையைப் பயன்படுத்தின. இலவசம் கிடைக்காத நிறுவனங்களில் இன்னொன்று.

ஒரு நிறுவனம் புதிய தொழில்நுட்பத்தை ஏன் வாங்கவில்லை என்று கேட்டால் வழக்கமாக வரும் பதில்கள் எதுவும் இங்கே பொருந்தவில்லை. பணம் இல்லையா? டை இலவசம். விஷயம் தெரியாதா? வீட்டு வாசலில் வந்து சொல்லிக் கொடுத்தார்கள். லாபம் இல்லையா? இருக்கிறது. தொழிலாளிக்குத் திறமை போதாதா? நாலு அழுத்தில் பழகிவிடக்கூடிய வேலை. பிறகு என்ன?

முதலாளிகளிடம் கேட்டபோது, வெட்டுநர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்பதே முக்கியக் காரணமாக வந்தது. அந்த ஊரில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட நிறுவனங்களில் வெட்டுநருக்குக் கூலி பீஸ் கணக்கில். இத்தனை துண்டுக்கு இவ்வளவு. புது டை பழகும்வரை வேகத்தைக் குறைக்கும். வேகம் குறைந்தால் அன்றைய கூலி குறையும். மிச்சமாகும் ரெக்சினோ முதலாளியுடையது. அதில் ஒரு பைசாவும் வெட்டுபவர் வீட்டுக்குப் போகாது. எனவே அவர் முதலாளியிடம் சொன்னது எல்லா ஊரிலும் எல்லாப் பட்டறையிலும் சொல்லப்படும் வாக்கியம்தான்: இது சரிப்பட்டு வராது. பிரஸ்ஸின் பக்கம் தினமும் நிற்பவர் அவர் ஒருவர்தான். அவர் சொன்னால் முதலாளி எப்படி நம்பாமல் இருப்பார்?

இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெட்டுபவரின் கணக்கில் அது சரிப்பட்டு வராததுதான்.

ஆய்வாளர்கள் 2013 செப்டம்பரில் அடுத்த சோதனையைச் செய்தார்கள். டை பெற்ற நிறுவனங்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு டையின் பலன்களை மறுபடி எடுத்துச் சொன்னார்கள், அவ்வளவுதான். மறு பாதியில், ஒரு வெட்டுநருக்கும் துண்டுகளில் அச்சடிப்பவர் ஒருவருக்கும் ஓர் உறுதி கொடுத்தார்கள்: ஒரு மாதத்துக்குள் புது முறையைக் கற்று, முதலாளி முன்னிலையில் செய்து காட்டினால் ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் மொத்தமாகக் கைக்கு வரும். அந்தப் பிரிவில் அதுவரை டையைத் தொடாத 13 நிறுவனங்கள் இருந்தன. ஒன்பது சம்மதித்தன. ஐந்து தொடர்ந்து பயன்படுத்த ஆரம்பித்தன. வெறும் நினைவூட்டல் பெற்ற 13ல் ஒன்றுகூட மாறவில்லை.

நிறுவனங்கள் சிறியவை, எண்ணிக்கை குறைவு, அதனால் இதை வைத்து உலகத்துக்கே விதி எழுதிவிட முடியாது. ஆனாலும் ஒரு கேள்வி உறுத்துகிறது. அந்த ஒரு மாதச் சம்பளத்தை முதலாளியே கொடுத்திருக்கலாமே? கொடுக்கலாம், டை வேலை செய்யும் என்று தெரிந்திருந்தால். அது வேலை செய்யுமா என்று அவருக்குச் சொல்லவேண்டியவரோ வெட்டுநர். காலம் காலமாக வரும் கூலி முறையை ஒரு டைக்காகக் கலைப்பதும் எளிதல்ல. ஒருவருக்குக் கொடுத்தால் பக்கத்து பிரஸ்காரர் சும்மா இருக்கமாட்டார்.

இதே சியால்கோட்டில் இதே காலத்தில் இன்னொன்று நடந்தது. 2014 உலகக் கோப்பைக்கான அடிடாஸின் 'பிரசூகா' பந்து வெப்பத்தால் ஒட்டப்படுவது. தையலே கிடையாது, ஆறே துண்டுகள். சீனாவில் இருந்த உற்பத்தி போதாமல் போனபோது, சியால்கோட்டின் ஃபார்வர்ட் ஸ்போர்ட்ஸ் நிறுவனம் அந்த ஆர்டரைப் பிடித்தது. அதற்கென ஒரு முழு உற்பத்தி வரிசையையே சில வாரங்களில் நிறுவியது. 300 டாலர் டையை மூலையில் போட்டுவைத்த ஊர் அது. வித்தியாசம் ஊரிலோ மதத்திலோ பண்பாட்டிலோ இல்லை. ஒரு பக்கம் பெரிய வாங்குநர் ஆர்டரோடு நிற்கிறார், மறு பக்கம் பேராசிரியர் ஒருவர் டையோடு நிற்கிறார்.

தொழில்நுட்பம் எப்படிப் பரவுகிறது என்ற ஆராய்ச்சி வயலில்தான் தொடங்கியது. அமெரிக்காவில் கலப்பின மக்காச்சோள விதை எந்த மாநிலத்தில் எப்போது வேரூன்றியது என்று ஸ்வி கிரிலிகஸ் 1957ல் எழுதினார். அயோவாவில் சில ஆண்டுகளில் ஏறக்குறைய எல்லா வயலும் மாறிவிட்டது. அலபாமாவில் தொடங்குவதற்கே சுமார் பத்தாண்டு தாமதம். தெற்கத்தி விவசாயி பழமைவாதி என்று மற்றவர்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது, கிரிலிகஸ் விதை நிறுவனங்களைப் பார்த்தார். எங்கே சந்தை பெரிதோ அந்த மண்ணுக்கு ஏற்ற விதையை அவர்கள் முதலில் உருவாக்கினார்கள். அலபாமாக்காரருக்கு வாங்கத் தகுந்த விதை வந்து சேரவே நாளாயிற்று. இது விதைக்கு மட்டும் உரிய கதையல்ல. யாருக்காகச் செய்யப்பட்டதோ அவருடைய சாயல் இயந்திரத்திலும் படிந்துவிடும்.

எண்களால் இயங்கும் வெட்டுப்பொறியை, இன்றைய சி.என்.சி.யின் தாத்தாவை, எடுத்துக்கொள்ளலாம். மிச்சிகன் மாநிலத்தின் டிராவர்ஸ் சிட்டியில் ஹெலிகாப்டர் இறக்கை செய்துகொண்டிருந்த ஜான் பார்சன்ஸின் யோசனை அது. 1949ல் அமெரிக்க விமானப்படை பணம் கொடுத்தது. எம்.ஐ.டி. ஆய்வகம் ஒரு சின்சினாட்டி மில்லிங் இயந்திரத்தில் அதைப் பொருத்தி 1952ல் இயக்கிக் காட்டியது. தொழிற்சாலைகள் வாங்க முன்வரவில்லை. கடைசியில் விமானப்படையே நூற்றுக்கு மேற்பட்ட இயந்திரங்களுக்குப் பணம் கட்டி, விமானம் செய்யும் ஒப்பந்ததாரர்களின் கூடத்தில் கொண்டுபோய் வைத்தது. விலையைப் பற்றிக் கவலைப்படாத, வளைந்து நெளிந்த விமானப் பாகங்கள் வேண்டிய ஒரு வாடிக்கையாளருக்காக அந்த இயந்திரம் வளர்ந்தது. பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்கு அது எட்டாக்கனி. பின்னர் 1970களில் மலிவான நுண்செயலியை வைத்து, எளிய லேத்துகளைச் சின்னப் பட்டறைகள் வாங்கும் விலையில் கொடுத்தவர்கள் ஜப்பானியர்கள். கட்டுப்பாட்டுப் பெட்டியைச் செய்த ஃபானுக் நிறுவனம் 1972ல் புஜிட்சுவிலிருந்து பிரிந்து தனியானது. 1980களின் தொடக்கத்தில் இயந்திரக் கருவி உற்பத்தியில் ஜப்பான் அமெரிக்காவை முந்திவிட்டது.

ரோபோ கதையும் ஏறக்குறைய இதுதான். உலகின் முதல் தொழிற்சாலை ரோபோ 'யூனிமேட்' 1961ல் நியூஜெர்சியில் ஜெனரல் மோட்டார்ஸின் ஆலையில் வார்ப்படத் துண்டுகளை எடுத்துவைக்கும் வேலையில் சேர்ந்தது. ஆனால் ரோபோவுக்கு வீடு கிடைத்தது ஜப்பானில். கவாசாகி 1968ல் உரிமம் வாங்கி அடுத்த ஆண்டே தயாரிக்கத் தொடங்கியது. அங்கே ஆள் பஞ்சம் இருந்தது. பெரிய நிறுவனங்களில் ஆயுள்கால வேலை என்ற வழக்கமும் இருந்ததால், ரோபோ வந்தால் தன் வேலை போகும் என்ற பயம் அவ்வளவாக இல்லை. வெல்டிங் ரோபோ வந்தால் வெல்டர் வேறு மேசைக்குப் போவார், வீட்டுக்குப் போகமாட்டார். சிறு நிறுவனங்கள் ரொக்கம் கொடுத்து வாங்க முடியாது என்பதால் 1980ல் ரோபோக்களை வாடகைக்கு விட 'ஜாரோல்' என்ற நிறுவனமே தொடங்கப்பட்டது. மாதத் தவணை கட்டிப் பார்க்கலாம், பிடிக்கவில்லையென்றால் முழுப் பணமும் முடங்காது.

ஆள் கிடைக்காமைக்கும் ரோபோவுக்கும் உள்ள உறவை டாரன் அசெமோக்லுவும் பாஸ்குவல் ரெஸ்ட்ரெப்போவும் நாடுகளை ஒப்பிட்டுக் கணக்கிட்டார்கள். ரோபோ வாங்குவதில் நாட்டுக்கு நாடு உள்ள வேறுபாட்டில் சுமார் 35 சதவீதத்தை, மக்கள்தொகை எவ்வளவு வேகமாக முதுமையடைகிறது என்பது ஒன்றே விளக்கிவிடுகிறது. 2023ல் தென்கொரியாவில் 10,000 ஆலைத் தொழிலாளர்களுக்கு 1,012 ரோபோக்கள். சீனாவில் 470, ஜெர்மனியில் 429, ஜப்பானில் 419, அமெரிக்காவில் 295. உலக சராசரி 162. அறிவியல் ஆர்வத்தின் தரவரிசையாக இதைப் படிக்கக்கூடாது. நடுத்தர வயதுத் தொழிலாளர்கள் எங்கே குறைகிறார்களோ அங்கே இயந்திரக் கை நீள்கிறது.

வாங்குவது வேறு, வேலை வாங்குவது வேறு. 1981ல் ஜெனரல் மோட்டார்ஸின் தலைவரான ரோஜர் ஸ்மித் அந்தப் பத்தாண்டில் பல்லாயிரம் கோடி டாலர்களைப் புதிய ஆலைகளிலும் ரோபோக்களிலும் கொட்டினார். டெட்ராய்ட் அருகே ஹாம்ட்ராமிக்கில் 1985ல் திறந்த ஆலை அதன் காட்சிப்பொருள். பெயின்ட் அடிக்கும் ரோபோக்கள் காரை விட்டுவிட்டு ஒன்றன்மேல் ஒன்று பெயின்ட் அடித்துக்கொண்டன என்று பத்திரிகைகள் எழுதின. அதே நிறுவனம் டொயோட்டாவோடு கூட்டுச் சேர்ந்து 1984ல் கலிஃபோர்னியாவின் ஃபிரீமான்டில் நடத்திய 'நும்மி' ஆலையில் ரோபோக்கள் அதிகமில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் சமாளிக்க முடியாமல் 1982ல் மூடிய ஆலைதான் அது. தொழிலாளர்களில் பெரும்பாலானோரும் பழையவர்களே, தொழிற்சங்கமும் பழையதே. சில ஆண்டுகளில் ஜப்பானில் உள்ள டொயோட்டா ஆலையின் தரத்துக்கு அருகில் வந்துவிட்டார்கள்.

நும்மியில் யார் வேண்டுமானாலும் கயிற்றை இழுத்து வரிசையை நிறுத்தலாம் என்பதை மேலாண்மை நூல்கள் ஓயாமல் சொல்லும். 1988ன் விற்பனைச் சரிவை அவை அவ்வளவாகச் சொல்வதில்லை. அந்த ஆண்டு கார்கள் தேங்கின, ஆலையின் திறன் முழுதாகப் பயன்படவில்லை. யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. ஓய்வாக இருந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். நன்றாக யோசித்து வேலையைச் சுருக்கினால் தன் வேலையே போய்விடும் என்று நினைக்கும் ஒருவர் எந்த யோசனையையும் வாய்விட்டுச் சொல்லமாட்டார். அந்தப் பயத்தை நீக்கிய செலவு எந்த ரோபோவின் விலைப்பட்டியலிலும் வராது.

ராமச்சந்திரன் ஜெய்குமார் என்ற ஹார்வர்டு பேராசிரியர் 1986ல் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஒரேமாதிரியான, கணினி இயக்கும் நெகிழ்வு உற்பத்தி அமைப்புகளை ஒப்பிட்டார். பல வகைப் பாகங்களை மாற்றி மாற்றிச் செய்வதற்கென்றே உருவான இயந்திரங்கள் அவை. ஒரு அமைப்பில் ஜப்பானியர்கள் சராசரியாக 93 வகைப் பாகங்கள் செய்தார்கள், அமெரிக்கர்கள் 10. விலையுயர்ந்த நெகிழ்வை வாங்கிவிட்டு, பழைய இயந்திரத்தில் செய்ததையே அதிலும் செய்துகொண்டிருந்தார்கள். புள்ளிவிவரக் கணக்கெடுப்பில் இரு நாடுகளும் 'பயன்படுத்துகிறோம்' என்ற கட்டத்தில்தான் டிக் அடித்திருக்கும். தொழில்நுட்பம் எத்தனை நிறுவனங்களில் இருக்கிறது என்று எண்ணும் எந்த அறிக்கையையும் படிக்கும்போது எனக்கு இந்த 93ம் 10ம் ஞாபகம் வரும்.

நம் நாட்டுக்கு வரலாம். மும்பையை அடுத்த தாராப்பூர், உமர்காவ் பகுதிகளின் ஜவுளி ஆலைகளில் நிக்கலஸ் ப்ளூமும் சகாக்களும் 2008லிருந்து ஒரு சோதனை நடத்தினார்கள். மேலாண்மை ஆலோசகர்களை இலவசமாக அனுப்பினார்கள். அவர்கள் எந்த ரோபோவையும் கொண்டுவரவில்லை. எந்தத் தறி எத்தனை முறை நின்றது, எந்தத் துணியில் என்ன குறை, கிடங்கில் எந்த நூல் எவ்வளவு என்று எழுதிவைக்கச் சொன்னார்கள். எழுதியதைத் தினமும் காலையில் உட்கார்ந்து பேசச் சொன்னார்கள். முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் சுமார் 17 சதவீதம் ஏறியது. இன்னொன்றும் நடந்தது: கணினிப் பயன்பாடு கூடியது. யாரும் கணினி வாங்கச் சொல்லவில்லை. எழுதிவைக்க விஷயம் வந்ததும் அதை வைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது.

நின்றுபோன தறிக்கு ஒரு நோட்டுப் புத்தகம் இல்லாத ஆலையில் சென்சார் பொருத்தினால் அது எதைச் சொல்லும், யாருக்குச் சொல்லும்? கம்ப்யூட்டரை விற்பவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாகச் சொல்வார்கள். முதலில் டேஷ்போர்டு, ஒழுங்கு பிறகு தானாக வரும் என்பார்கள். தாராப்பூர் அனுபவம் வேறுமாதிரி.

அந்த ஆய்வில் இன்னொரு தகவல், நம்மவர்களுக்கு ஆச்சரியம் தராதது. ஒரு நிறுவனம் எவ்வளவு பெரிதாக வளர்ந்திருக்கிறது என்பதை, அந்தக் குடும்பத்தில் எத்தனை ஆண்கள் இருக்கிறார்கள் என்பது பெருமளவு தீர்மானித்தது. கல்லாவையும் கிடங்கையும் அண்ணன் தம்பி, மகன், மருமகன் தவிர வேறொருவரிடம் விட மனம் வராது. மூன்று மகன்கள் என்றால் மூன்று ஆலை. வெளியாளை நம்பாத முதலாளி, வெளியாள் எழுதிய மென்பொருளில் தன் கணக்கை ஏற்ற யோசிப்பார் என்பதில் வியப்பில்லை.

நிறுவனத்தின் அளவு இன்றைய தொழில்நுட்பங்களில் இன்னும் அதிகமாகப் பேசுகிறது. அமெரிக்காவில் 2018ஆம் ஆண்டு அரசுக் கணக்கெடுப்பை வைத்துப் பார்த்தால், செயற்கை நுண்ணறிவு சார்ந்த தொழில்நுட்பம் எதையாவது பயன்படுத்திய நிறுவனங்கள் ஆறு சதவீதத்துக்கும் குறைவு. அதையே நிறுவன எண்ணிக்கைக்குப் பதில் தொழிலாளர் எண்ணிக்கையை வைத்து எடை போட்டால் 18 சதவீதம். அதாவது பயன்படுத்தியவை பெரிய நிறுவனங்கள். லேத்தைப் பத்துப் பேர் பட்டறையும் வாங்கலாம், ஆயிரம் பேர் ஆலையும் வாங்கலாம். ஒரு லேத் ஒரு லேத்தின் வேலையைச் செய்யும். தரவைக் கொண்டு கற்கும் இயந்திரம் அப்படியல்ல. லட்சம் துண்டுகளின் பதிவு உள்ளவருக்கு அது குறையை முன்கூட்டிச் சொல்லும், நூறு துண்டு செய்பவருக்கு அது ஊமை.

பெரிய நிறுவனங்கள் கையிலும் எல்லாம் கைகூடிவிடுவதில்லை. ஜெனரல் எலக்ட்ரிக் தன் 'பிரெடிக்ஸ்' தளத்தின் மூலம் உலகத்துத் தொழிற்சாலை இயந்திரங்களையெல்லாம் இணைத்து முன்னணி மென்பொருள் நிறுவனமாகப் போவதாக 2015 வாக்கில் அறிவித்தது. சில ஆண்டுகளில் அந்தக் கனவு சுருங்கிவிட்டது. அடிடாஸ் ஜெர்மனியின் ஆன்ஸ்பாக்கிலும் அமெரிக்காவின் அட்லாண்டாவிலும் ரோபோக்கள் காலணி செய்யும் 'ஸ்பீட்ஃபேக்டரி' ஆலைகளைத் திறந்தது. 2019 நவம்பரில் இரண்டையும் மூடுவதாகச் சொல்லி, அங்கே கற்றதை ஆசியாவில் உள்ள சப்ளையர்களிடம் கொண்டுபோனது. காலணிக்கான துணி, அடிப்பாகம், பசை, அச்சு எல்லாவற்றுக்கும் பக்கத்துத் தெருவில் ஆள் இருப்பது வியட்நாமிலும் சீனாவிலும்தான்.

கோயம்புத்தூர் இதே காரணத்தால் வளர்ந்த ஊர். பம்ப், மோட்டார், வார்ப்படம், ஜவுளி இயந்திரம் என்று ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் பட்டறைகள். 1962ல் தொடங்கிய லக்ஷ்மி மெஷின் ஒர்க்ஸ் 1988லிருந்து சி.என்.சி. இயந்திரங்களும் செய்கிறது. உள்ளூரிலேயே இயந்திரம், உள்ளூரிலேயே சர்வீஸ் ஆள், பழுதானால் மாலைக்குள் வருவார். சின்னப் பட்டறைக்காரருக்கு இந்த மாலைக்குள் என்பது தொழில்நுட்பக் குறிப்பேட்டில் உள்ள எந்த எண்ணையும்விட முக்கியம். ஜாப் ஒர்க் செய்யும் பட்டறையில் முதல் சி.என்.சி. வந்தது பெரும்பாலும் டர்னர் கிடைக்காததாலோ, வாங்குபவர் நூறு துண்டும் ஒரே அளவில் வேண்டும் என்று அடம்பிடித்ததாலோதான். ஒவ்வொரு வெட்டுக்கும் வெர்னியர் வைத்துப் பார்த்த பெரியவர் ஓய்வு பெற்றார், ஐ.டி.ஐ. முடித்த பையன் ஆஃப்செட் எண்ணை மாற்றிவிட்டு அடுத்த துண்டைப் போடுகிறான்.

இப்போது அடுத்த படி வந்திருக்கிறது. ஸ்பிண்டில் எவ்வளவு நேரம் ஓடியது, எவ்வளவு நேரம் சும்மா நின்றது, ஒரு துண்டுக்கு எத்தனை நிமிடம் ஆனது என்பதை நேரடியாக வாங்குபவரின் திரைக்கே அனுப்பும் பெட்டி. விலை அதிகமில்லை, பொருத்துவது ஒரு மணி நேர வேலை. பட்டறைக்காரர் தயங்குகிறார். அவரைப் பழமைவாதி என்று சொல்லும் முன் அவருடைய கணக்கைப் பார்க்கவேண்டும். ஜாப் ஒர்க் விலை மெஷின் ஹவர் ரேட்டில் பேசப்படுகிறது. ஒரு துண்டுக்கு ஆறு நிமிடம் என்று விலை பேசியிருப்பார். நல்ல இன்சர்ட் போட்டு, ஃபிக்சரைத் திருத்தி, நாலரை நிமிடத்தில் முடிப்பார். அந்த ஒன்றரை நிமிடம்தான் அவருடைய லாபம், வேகமாக வேலை கற்றதற்கான கூலி. பெட்டி பொருத்திய மறுமாதம் வாங்குபவரின் பர்ச்சேஸ் ஆபீசர் போனில் கேட்பார்: நாலரை நிமிடம்தானே ஆகிறது, ரேட்டை எதற்கு ஆறு நிமிடத்துக்குப் போடுகிறீர்கள்? பெட்டி சரிப்பட்டு வராது என்று பட்டறைக்காரர் சொல்வதில் ஒரு தவறும் இல்லை.

பழைய இயந்திரம் பொருளைச் செய்தது. இன்றைய இயந்திரம் பொருளோடு சேர்த்துச் செய்தியையும் செய்கிறது, அந்தச் செய்தி யார் கைக்குப் போகிறதோ அவர் பக்கம் பேரம் சாய்கிறது. எனவே வட்டி, மானியம், பயிற்சி வகுப்பு என்று அரசுகள் தூக்கிவைக்கும் காரணிகளோடு இதையும் சேர்த்து எண்ணவேண்டும் என்பேன். ஜெர்மனியின் கார் நிறுவனங்களும் பாகம் செய்பவர்களும் 2021ல் தொடங்கிய 'காட்டெனா-எக்ஸ்' தரவு வலையமைப்பில், தரவு அதைத் தந்த நிறுவனத்தின் கட்டுப்பாட்டிலேயே இருக்கும், எதை யாருக்குக் காட்டுவது என்று அவரே தீர்மானிப்பார் என்பது அடிப்படை விதி. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது. இணையத்தோடு இணைந்த இயந்திரம் உருவாக்கும் தரவைப் பெறும் உரிமையை அது அந்த இயந்திரத்தைப் பயன்படுத்துபவருக்குத் தருகிறது. இயந்திரம் விற்றவர் அதைத் தனக்கென்று பூட்டிவைக்க முடியாது.

இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிமனிதர்களைப் பற்றிய தரவுக்கானது. ஒரு ஸ்பிண்டிலின் ஓட்ட நேரம் அதன் எல்லைக்குள் வராது. அதனால் கோவைப் பட்டறையின் நாலரை நிமிடம் யாருடையது என்பதை வாங்குபவரோடு போட்ட ஒப்பந்தம்தான் சொல்லவேண்டும். ஜாப் ஒர்க்கில் பெரும்பாலும் ஒப்பந்தம் என்று தனியாக ஒன்று இருப்பதில்லை. பர்ச்சேஸ் ஆர்டர் ஒன்று இருக்கும், அதில் அளவும் விலையும் தேதியும் இருக்கும்.